இரும்பைச் சுற்றி 18 எலக்ட்ரான்: இதுவும் எண்ம விரிவா?

கேள்வி:
சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடில் கந்தகத்தைச் சுற்றி 12 எலக்ட்ரான். காலியான 3டி இடம் கொடுப்பதால் எண்மம் (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் என்ற அளவு) விரிகிறது என்று படித்திருக்கிறேன். இரும்பு பென்டாகார்பனைலின் 18-உம் அப்படித்தானா? அதுவும் எனக்கு 16தான் வருகிறது: டி எலக்ட்ரான் 6, ஐந்து கார்பனைலுக்கு (கார்பன் மோனாக்சைடு, தலைக்கு 2) 10. எங்கே தப்பு?

பதில் 1:
4எஸ்-இன் இரண்டை விட்டுவிட்டீர்கள். தனி அணுவில் இரும்பு 3டி⁶ 4எஸ்². ஈனிகள் (உலோகத்துக்கு எலக்ட்ரான் ஜோடி தரும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) சூழ்ந்ததும் 4எஸ் மட்டம் மேலேறிவிடும். எட்டும் டி எலக்ட்ரான்களாகவே கணக்கில் வரும். 8 + 10 = 18.

இதை விரிவு என்று சொல்லவே கூடாது. இரும்பின் இணைதிறன் ஆர்பிட்டால்கள் (பிணைப்புக்கு உதவும் எலக்ட்ரான் இடங்கள்) ஒன்பது: 3டி ஐந்து, 4எஸ் ஒன்று, 4பி மூன்று. தலைக்கு இரண்டு போட்டால் 18. எட்டு என்பது நான்கே ஆர்பிட்டால் உள்ள தனிமங்களின் அளவு.

பதில் 2:
கந்தகத்திலும் விரிவு கிடையாது. அதன் 3டி ஆற்றலில் மிக உயரம். பிணைப்பில் பங்கு சொற்பம். 3எஸ் ஒன்றும் 3பி மூன்றும் ஆறு ஃபுளோரின்களோடு சேர்ந்து நான்கு பிணைப்பு மூலக்கூறு ஆர்பிட்டால்களைத் தருகின்றன. ஆறு ஜோடிகளில் நான்கு அங்கே போக, மீதி இரண்டும் ஃபுளோரின்கள் மேலேயே தங்கிவிடும். எஸ்பி³டி² என்ற இனக்கலப்பு, வடிவத்தை நினைவில் வைக்க உதவும், பிணைப்பை விளக்காது.

கேட்டவர்:
நன்றி. ஆனால் ஹெக்ஸாஅக்வா நிக்கல்(2)-இல் 8 + 12 = 20. ஹெக்ஸாஅம்மீன் குரோமியம்(3)-இல் 15. இரண்டும் நிலையாகத்தானே இருக்கின்றன?

பதில் 1:
எண்முகியில் (ஆறு ஈனிகள் சூழ்ந்த வடிவம்) ஈனிகளின் 12 எலக்ட்ரான்கள் ஆறு பிணைப்பு ஆர்பிட்டால்களை நிரப்பும். அதற்கு மேல், ஈனிகளுக்கு இடையே நீளும் மூன்று டி. அதற்கும் மேல், ஈனிகளை நேராகப் பார்க்கும் இரண்டு டி, இவை எதிர்பிணைப்பு (எலக்ட்ரான் ஏறினால் பிணைப்பைத் தளர்த்துபவை). கார்பன் மோனாக்சைடு பின்பிணைப்பால் (உலோகத்தின் டி எலக்ட்ரான்களைத் தன் காலி ஆர்பிட்டாலில் பகிர்ந்து) அந்த மூன்றைக் கீழே இழுக்கும். மேல் இரண்டு எட்டாத உயரத்தில் நிற்கும். மூன்றும் நிரம்பி 12 + 6 = 18 ஆனால்தான் லாபம். வனேடியம் ஹெக்ஸாகார்பனைலில் 17தான், அதனால்தான் எளிதில் ஓர் எலக்ட்ரானை வாங்கி எதிரயனியாகிறது.

நீர், அம்மோனியாவில் பின்பிணைப்பு இல்லை. கீழ் மூன்று பாதி காலியாக இருந்தாலும் பெரிய இழப்பில்லை. குரோமியம் அதனால் 15-இல் நிற்கிறது. நீரில் இடைவெளியும் சிறிது, மேல் இரண்டில் எலக்ட்ரான் ஏறினாலும் தாங்கும். ஹெக்ஸாஅக்வா துத்தநாகம் 22 வரை போகிறது. உலோகத்தைச் சுற்றி 18 எலக்ட்ரான் என்ற விதியைக் கரிம உலோகச் சேர்மங்களில் நம்புங்கள், நீரேறிய அயனிகளில் தேடாதீர்கள்.

பதில் 3:
கணக்கு முறையையும் கலக்காதீர்கள். ஃபெரோசீனை (இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு) நடுநிலை முறையில், அதாவது எதற்கும் மின்சுமை இல்லை என்று வைத்து, எண்ணினால் 8 + 5 + 5. அயனி முறையில் (இரும்பு 2+, வளையங்கள் தலைக்கு 1−) 6 + 6 + 6. இரும்புக்கு 8 போட்டு வளையத்துக்கு 6 போட்டால் 20 வரும். விடைத்தாள்களில் தென்படும் ஒரு பிழை இது.