பாட்டி அழைத்துக்கொள்ளும்வரை அக்காள் தங்கை இருவரையும் எங்கள் வீட்டில் வைத்திருக்கலாமா?

ராயக்கோட்டை வாசகி:

பெங்களூரில் கட்டட வேலை செய்துவந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மனைவி இறந்த பிறகு இரண்டு பெண் குழந்தைகளோடு ஊருக்குத் திரும்பினார். சென்ற மாதம் அவரும் மாரடைப்பில் காலமாகிவிட்டார். 11 வயதும் 7 வயதும் ஆன அக்குழந்தைகள் அடக்கம் முடிந்த அன்றிரவு எங்கள் வீட்டில் வந்து படுத்தார்கள். இன்றோடு 22 நாட்கள் ஆகின்றன. தாய்வழிப் பாட்டி அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் கூலி வேலை செய்கிறார். ஆறு மாதம் நாங்கள் பார்த்துக்கொண்டால் கூரையைச் சரிசெய்துகொண்டு இருவரையும் அழைத்துப் போவதாகச் சொல்கிறார்.

இதற்கிடையில் தூரத்து உறவினர் ஒருவர், சிறியவளை மட்டும் ஓசூரில் உள்ள பிள்ளையில்லாத தம்பதியிடம் கொடுத்துவிடலாம், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினால் போதும் என்கிறார். அரசுக்குத் தெரிந்தால் இருவரையும் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று ஊரார் பயமுறுத்துகிறார்கள். சிறியவளுக்குக் கன்னடம்தான் வாசிக்க வரும். மாற்றுச் சான்றிதழும் கையில் இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

தர்மபுரி, குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருந்தவர்:

அம்மா, 22 நாட்கள் ஆகிவிட்டனவே என்று பதற வேண்டாம். ஆனால் இன்னொரு நாளும் கடத்தாதீர்கள். ஆதரவின்றி நிற்கும் குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், அல்லது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் செல்லுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவுக்கே உண்டு.

இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தின் வேர் எனக்குப் புரிகிறது. வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தபோது உங்கள் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அரசிடம் குழந்தையைக் காட்டினால் திரும்பி வராது என்ற எண்ணம் பலர் மனத்தில் அன்றிலிருந்தே தங்கிவிட்டது. சட்டமோ இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குழந்தையின் சொந்தக் குடும்பத்துக்கே முதலிடம் தருகிறது. ஆகவே பாட்டியால் ஏன் இப்போதே அழைத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் குழுவின் முதல் கேள்வியாக இருக்கும். பணம்தான் தடையென்றால், ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவின் நிதி ஆதரவாகக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. அது கிடைத்தால் ஆறு மாதம் காத்திருக்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

அதுவரை உங்கள் வீட்டில் வைத்திருப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது சட்டத்தின் 44ஆம் பிரிவு. உங்கள் வருமானம், உடல்நிலை, வீட்டிலுள்ளவர்களின் மனநிலை ஆகியவற்றை விசாரித்தபின் குழு ஆணை வழங்கும். உடன்பிறந்தவர்களைப் பிரிக்காமல் வைக்க முயல வேண்டும் என்று அதே பிரிவு கூறுவதை அந்த உறவினரிடம் சொல்லுங்கள். பத்திரத்தில் எழுதிக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் தத்தெடுப்பே அல்ல. 80ஆம் பிரிவின்படி அது மூன்று ஆண்டுகள்வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

பள்ளியைப் பொறுத்தவரை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. சிறியவளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தமிழுக்குத் தனிப் பயிற்சி கேளுங்கள்.

அரூர், வளர்ப்புத் தாய்:

நடைமுறையைப் பெரியவர் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பதினான்கு மாதங்கள் எங்களோடு இருந்த பையன், அலுவலகத்திலிருந்து யாராவது வந்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவான். அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான் என்பது எனக்கு மூன்றாவது முறைதான் உறைத்தது. அதன் பிறகு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று முந்தின நாளே சொல்லத் தொடங்கினேன். குழு மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்பது விதி என்பதால், உங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள்.

இன்னொன்று, "இனி நான்தான் உங்களுக்கு அம்மா" என்று சொல்லிவிடாதீர்கள், அத்தை போதும். வாரம் ஒருமுறையாவது பாட்டியோடு பேச வையுங்கள், முடிந்தால் அஞ்செட்டிக்கே அழைத்துப் போய் வாருங்கள். பாட்டி வீடு பழகாமல் இருந்துவிட்டால், திரும்பிப் போகும் நாளில் அவர்களுக்கு அது அந்நிய வீடாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் கிடைக்கும் பணத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஊர் பேசும், எங்களையும் பேசினார்கள். செலவை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ராயக்கோட்டை வாசகி:

இருவருக்கும் நன்றி. இன்று பாட்டியையும் அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குச் சென்று வந்தோம். குழந்தைகளிடம் தனியாகப் பேசினார்கள். விசாரணைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிக்கான நிதி ஆதரவுக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பேருந்தில் திரும்பும்போது பெரியவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாட்டி வீட்டிலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுக்கலாமா என்று. பாட்டி பதில் சொல்லாமல் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார்.