பதின்ம வயதுப் பிள்ளைகளை நாம் பார்க்கும் பார்வை: உங்கள் அனுபவம் என்ன?

மழைத்துளி:
நேற்று புத்தகக் கடைக்குள் நுழையும் முன் மகன் நின்றான். முதுகில் கிடந்த பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டினான். பாக்கெட்டில் இருந்த கைகளை வெளியே எடுத்தான். "எதுக்குடா இதெல்லாம்?" என்றேன். "இல்லாட்டி பின்னாடியே வருவாங்கம்மா." வயது 15. போன வருடம் ஏதோ கடையில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்றதும் போகச் சொல்லிவிட்டார்களாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ என்னடா பண்ணினேன்னுதானே முதல்ல கேட்பீங்க." அதைத்தான் கேட்டிருப்பேன். ராத்திரி தூக்கமே வரவில்லை.

கிழக்குக்காற்று:
கடைக்காரரைக் குறை சொல்ல முடியாதும்மா. அந்த வயதே அப்படித்தான், நாலு பேர் சேர்ந்தால் துணிச்சல் வந்துவிடும். நானே என் கடையில் ஒருவனைப் பிடித்திருக்கிறேன். எடுத்தது ஒரு பேனா. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவன் அழவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

கரும்பலகை:
கிழக்குக்காற்று ஐயா, "அந்த வயதே அப்படித்தான்" என்பதை ஏற்க முடியவில்லை. 1904இல் உளவியலாளர் ஸ்டான்லி ஹால் இதைப் புயலும் கொந்தளிப்புமான பருவம் என்று எழுதினார். இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் அப்படி இல்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. நான் ஆசிரியை. ஒரு நாள் கரும்பலகையில் எழுதும்போது பின்னால் சலசலப்பு. திரும்பாமலே ஒரு பையனின் பெயரைச் சொல்லி அதட்டினேன். "மிஸ், அவன் இன்னிக்கு வரலை" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதிதான் என்னை இன்னும் விடவில்லை.

இரவுக்குருவி:
என்னை வீட்டில் "சோம்பேறி" என்றே கூப்பிட்டார்கள். காலையில் முகத்தில் தண்ணீர் ஊற்றி எழுப்புவார்கள். பெற்றோர்களே, தயவுசெய்து கேளுங்கள். பருவமடையும்போது தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். சீக்கிரம் படு என்றால் படுக்கத்தான் முடியும், தூக்கம் வராது. ஆனால் அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல், வளரிளம் பிள்ளைகளின் பள்ளிகளைக் காலை 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். ராத்திரி போனை வேறு அறையில் வையுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. சோம்பேறி என்று மட்டும் சொல்லாதீர்கள். மழைத்துளி அக்கா, உங்கள் மகன் சரியாகத் தூங்குகிறானா?

மழைத்துளி:
தூங்குகிறான். நான் கேட்க வந்தது வேறு, தம்பி. இன்று சாயங்காலம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா" என்றான். பை இன்னும் முன்பக்கம்தான் தொங்குகிறது.