ரோலர்ல கை மாட்டிச்சு, ஈஎஸ்ஐ கிடைக்குமா?

கடலூர்_தம்பி: சிப்காட்ல ஒரு கம்பெனில என் தம்பி கான்ட்ராக்ட் ஹெல்ப்பர், கன்வேயர் ரோலர்ல ஒட்டுன பவுடரை சுரண்டிட்டு இருக்கும்போதே யாரோ பேனல்ல ஸ்டார்ட் போட்டுட்டாங்க, ரெண்டு விரல் நசுங்கிடுச்சு. சூப்பர்வைசர் வீட்ல அடிபட்டதா சொல்லச் சொல்றாரு. என்ன பண்றது?

வில்லியனூர்_எலக்ட்ரீஷியன்: அப்படி சொல்லவே சொல்லாதீங்க ப்ரோ!! வேலைல பட்ட அடின்னு ஆஸ்பத்திரி சீட்டுலயே எழுத வைங்க, விபத்து ரிப்போர்ட் கம்பெனி அனுப்பியே ஆகணும். சம்பளத்துல ஈஎஸ்ஐக்கு பணம் பிடிச்சா கான்ட்ராக்ட்னாலும் உண்டு, அடிபட்டு லீவுல இருக்குற நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் வரும்.

முதுநகர்_ஃபிட்டர்: ஸ்டாப் பட்டன் மட்டும் பத்தாதுங்க. ஐசொலேட்டரை (மெஷினுக்கு வர்ற கரண்டையே துண்டிக்கிற சுவிட்ச்) ஆஃப் பண்ணி, அதுல அவங்கவங்க சொந்தப் பூட்டைப் போட்டு சாவியை பாக்கெட்ல வச்சுக்கிட்டு, ஸ்டார்ட் அமுக்கிப் பாத்து ஓடலன்னா தான் கை வைக்கணும். வெறும் எச்சரிக்கை அட்டை மட்டும் தொங்கவிட்டா அடுத்த ஷிஃப்ட்காரன் கழட்டிடுவான்.

கடலூர்_தம்பி: நன்றிண்ணா, அங்க பூட்டே குடுக்கலையாம். சீட்டு நாளைக்கே வாங்குறோம்.