அம்மோனியா ஷெட்டின் பின்கதவு: ஒருவர் பூட்டச் சொல்கிறார், ஒருவர் திறக்கச் சொல்கிறார்

குலசேகரம்_பால் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் பாலை சென்ட்ரிபியூஜில் சுழற்றிக் கெட்டியாக்கும் சின்ன யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பால் கெடாமல் இருக்க அம்மோனியா சிலிண்டர், அதில் பிரிந்து வரும் நீர்த்த ஸ்கிம் பாலை உறைய வைக்க சல்பியூரிக் ஆசிட், ரப்பர் ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட், இவ்வளவும் ஒரே ஷெட்டில்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் 35 கிலோ ஃபார்மிக் ஆசிட் கேன் ஒன்று காணாமல் போனது. நாலு நாள் யாருக்கும் தெரியவில்லை. கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் வண்டி நம்பரை மட்டும் எழுதுவார், நான் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் கணக்கு மட்டும் பார்ப்பேன், கேனை எண்ணுவது யார் வேலை என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் பார்த்தால், எங்களிடம் வேலை பார்க்கும் ஒருவர்தான் வீட்டில் சொந்தமாக ஷீட் அடிக்கப் பின்கதவு வழியாக எடுத்துப் போயிருக்கிறார். கேன் பெரிதாக இருக்கிறது என்று பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கிணற்றடியில் வைத்திருக்கிறார். அவருடைய ஏழு வயது மகள் மூடியைத் திறந்து கையில் கொட்டிக்கொண்டாள். நல்லவேளை, வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கிணற்றுத் தண்ணீரை அவள் அம்மா விடாமல் ஊற்றியிருக்கிறார், இருந்தும் புறங்கையில் தோல் வழன்று போயிற்று. நான் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அதற்கப்புறம் முதலாளி பின்கதவுக்குப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரும் இதுதான் சரி என்றார். அதே வாரம் சேஃப்டி பார்க்க வந்த அதிகாரி, அம்மோனியா இருக்கும் இடத்தில் வெளியேறும் வழியைப் பூட்டலாமா, உடனே திற என்கிறார். இரண்டு பேரும் பேசுவது 'பாதுகாப்பு' பற்றித்தான். நான் எதைக் கேட்பது?

---

ஏலூர்_பழையவன் எழுதியது:

தம்பி, நான் தக்கலைக்காரன். கேரளத்தில் ஏலூர் பக்கம் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் பூட்டை இன்றைக்கே எடுங்கள். அதற்குப் பதில் 'பேனிக் பார்' போடுங்கள். உள்ளேயிருந்து இடுப்பால் தள்ளினாலே கதவு திறக்கும், வெளிப்பக்கம் கைப்பிடியே இருக்காது. திறந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒரு ஸ்விட்சும் வைத்துவிட்டால் கேன் வெளியே போனாலும் தெரியும். இரண்டு அதிகாரிகள் சொன்னதும் இதிலேயே அடங்கிவிடும்.

நீங்கள் கேட்ட சந்தேகம் பெரிய இடங்களிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சேஃப்டி வேறு, செக்யூரிட்டி வேறு. கை தவறி நடப்பதைத் தடுப்பது முதலாவது, வேண்டுமென்றே செய்வதைத் தடுப்பது இரண்டாவது. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான், என்னைக் கேட்டால் அதுதான் சரி. குடிதண்ணீரைச் சுத்தமாக்கும் குளோரினைத்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் போர்முனையில் சிப்பாய்கள் மேல் திறந்துவிட்டார்கள். பொருள் ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஹேக் நகர அமைப்பு ஆயுதங்களை அழிப்பதோடு நிற்காமல், உறுப்பு நாடுகளின் தொழிற்சாலைகளுக்கு சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டையும் சேர்த்தே பயிற்சி கொடுக்கிறது. 2000இல் நம் நாடும் அந்த ஒப்பந்தத்துக்கென்று ஒரு சட்டம் போட்டது.

உள்நாட்டு விதிகள் போபாலுக்கு அப்புறம் வந்தவை. அபாயமான இரசாயனங்கள் பற்றிய 1989 விதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு உண்டு. அம்மோனியாவுக்கு அது பத்துக்கணக்கான டன். அதற்கு மேல் வைத்திருந்தால்தான் பெருவிபத்து அபாயமுள்ள ஆலை என்ற கணக்கில் வருவீர்கள். இரசாயன விபத்து பற்றிய 1996 விதிகள்படி கலெக்டர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழு ஒன்று உண்டு, அது 45 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும். உங்களைப் போல நாலைந்து சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வரமாட்டீர்கள். குமரி மாவட்டத்தில் பயமே இந்தச் சின்ன இடங்கள்தான்: லேடெக்ஸ் யூனிட், கையுறை கம்பெனி, துறைமுகம்தோறும் அம்மோனியாவால் குளிரூட்டும் ஐஸ் பிளாண்ட். ஆகவே யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, தீயணைப்பு நிலையத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரே தாளின் நகலைக் கொடுங்கள். வேறு வேறு தாள் கொடுத்தால் மறுபடியும் ஒருவர் பூட்டச் சொல்வார், ஒருவர் திறக்கச் சொல்வார்.

---

குளச்சல்_கரை எழுதியது:

ஏலூர் அண்ணன் ஐஸ் பிளாண்டைச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் அம்மோனியா வாடை அடித்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் அம்மோனியாவைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஆனால் 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கேரளக் கடலில் மூழ்கியபோது அந்த அறிவே எங்களுக்கு எதிராகப் போயிருக்கும். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன கப்பல், 640 கன்டெய்னர். அதில் 12இல் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், ஒரு பொறி போதும். கடலில் மிதந்து வரும் பெட்டிக்குள் இருப்பது பஞ்சா கார்பைடா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கிட்டே போகாதீர்கள், 112க்குக் கூப்பிடுங்கள் என்று கேரளத்தில் அறிவித்தது வாட்ஸ்அப்பில் மலையாளத்தில் வந்தது, எங்கள் கரையில் பாதிப் பேருக்கு அதை வாசிக்கத் தெரியாது.

பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் குருணை குமரிக் கரையிலும் ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, மணலைக் கையால் அள்ளினால் விரலிடுக்கில் நிற்கும். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்தபோதும் இதே குருணைதான் இலங்கையின் மேற்குக் கரையில். அந்தக் கப்பலில் நைட்ரிக் ஆசிட் கன்டெய்னர் ஒழுகுவது கொழும்புக்கு வருமுன்பே தெரிந்திருந்தது, அதை இறக்கிக்கொள்ள வழியில் இரண்டு துறைமுகங்கள் முன்வரவில்லை, அதில் ஒன்று நம் நாட்டில். கடலுக்கு ஏது எல்லை? கேரளம், தமிழ்நாடு, இலங்கை மூன்றும் கப்பலின் சரக்குப் பட்டியலை அன்றைக்கே பகிர்ந்துகொண்டு, கரையில் இருப்பவனுக்கு அவன் மொழியில் சொல்ல வேண்டும். கள்ளன் வந்துவிடுவான் என்று பட்டியலை மறைத்தால் முதலில் சாவது நாங்கள்தான்.

---

மார்த்தாண்டம்_கடை எழுதியது:

நான் ஆசிட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து ரெஜிஸ்டர் எழுதுகிறேன். பெயர், விலாசம், எவ்வளவு, எதற்கு, அரசு தந்த போட்டோ அடையாள அட்டை, எல்லாம் உண்டு. 18 வயதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. இருப்பைக் கணக்குக் காட்டாவிட்டால் 50,000 வரை அபராதம். எனக்கு இதில் முணுமுணுப்பு கிடையாது, ஆசிட் வீச்சில் முகம் போன பெண்களை நினைத்தால் ஒரு வரி எழுதுவது பெரிய வேலையே இல்லை.

ஆனால் ஒன்று. நான் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியவர் எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் வாங்கிவிடலாம். என் ரெஜிஸ்டர் அங்கே போகாது, அங்குள்ளது இங்கே வராது. கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி பற்றிப் பேச இரண்டு மாநில அதிகாரிகள் உட்காருகிறார்கள், இதற்கும் உட்காரலாமே.

---

ஏலூர்_பழையவன் எழுதியது:

குளச்சல் தம்பி சொன்னதற்கு ஒரு வார்த்தை. என்ன பொருள் என்பதை எப்போதும் மறைக்கக் கூடாது. டேங்கரிலோ லாரியிலோ ஐ.நா. எண் 1005 என்று இருந்தால் அம்மோனியா, 1402 என்றால் கால்சியம் கார்பைடு, எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த எண் மாறாது. சாவி யாரிடம், லோடு எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். இந்தக் கோடு எங்கே என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

---

குலசேகரம்_பால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பூட்டை நேற்றே கழற்றிவிட்டோம், பார் வரும்வரை பின்பக்கம் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறார் முதலாளி. சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது நானும் வாட்ச்மேனும் சேர்ந்து கேனை எண்ணி ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். வீட்டில் ஷீட் அடிப்பவர்களுக்கு நாங்களே தண்ணீர் கலந்து, மண்டையோடு படம் ஒட்டிய சின்னக் கேனில், அவர்கள் பெயரை எழுதி வைத்துக்கொண்டு கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். மார்த்தாண்டம் அண்ணே, உங்கள் ரெஜிஸ்டர் பக்கம் ஒன்றை, பெயர்களை மறைத்துவிட்டுப் படம் எடுத்துப் போட முடியுமா? எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பார்க்க வேண்டும். அப்புறம் எங்கள் கதவு மூன்றடி இரண்டு அங்குலம், இரும்புத் தகடு. அம்மோனியா காற்றுக்குப் பித்தளை சீக்கிரம் போய்விடும் என்கிறார்கள், எஸ்.எஸ். பார் நாகர்கோவிலில் எங்கே கிடைக்கும்?