போர்ஷே 718 கேமன்: பின் இடது டயர் மட்டும் உள் ஓரத்தில் தேய்ந்துள்ளது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

முத்தியால்பேட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டில் தயாரான போர்ஷே 718 கேமன். இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். 18 அங்குல ரிம், முன்னால் 235/45, பின்னால் 265/45 அளவு டயர்கள். புதுச்சேரிக்குள் குறைவாகவும், விடுமுறை நாட்களின் அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரையிலும் ஓட்டுவேன்.

பிரேக் பேடு பார்ப்பதற்காக லிஃப்டில் ஏற்றியபோது, பின் இடது டயரின் உள் ஓரம் மொட்டையாகி, ஓரிடத்தில் கம்பியே தெரிவதைக் கண்டோம். வண்டி தரையில் நிற்கும்போது வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) நன்றாகவே இருப்பதுபோல் தெரிகிறது. மற்ற மூன்று டயர்களிலும் இப்படி ஏதும் இல்லை. கடந்த மழைக்காலத்தில் கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டியதும், தண்ணீர் நின்று மறைந்திருந்த பள்ளத்தில் பின் சக்கரம் பலமாக விழுந்தது. அதன் பிறகு நேராகச் செல்லும்போதும் ஸ்டியரிங் சற்று இடப்பக்கம் சாய்ந்தே நின்றதால், உள்ளூர்க் கடை ஒன்றில் முன் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் செய்து ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்தார்கள்.

இந்த அளவில் ஒரு டயரின் விலையே மலைக்க வைக்கிறது. எனவே தேய்ந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று அறிய விரும்புகிறேன். டயரைக் கழற்றி உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி மாட்டினால் இன்னும் சிறிது காலம் ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? சென்னையில் உள்ள சேவை மையம் வரை இதே டயரில் ஓட்டிச் செல்லலாமா?

கெடிலக்கரை:

நண்பரே, கடலூரில் என் ஹேட்ச்பேக் காரில் ஒரு டயர் பக்கவாட்டில் வெடித்தபோது அந்த ஒன்றை மட்டுமே மாற்றினேன். இன்று வரை எந்தக் குறையும் இல்லை. கடைக்காரர்கள் எப்போதும் இரண்டாகவே விற்கப் பார்ப்பார்கள். அதே தயாரிப்பில், அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வில்லியனூர் பழைய டயர்காரர்:

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கம்பி தெரியும் டயரில் சென்னைக்கு மட்டுமல்ல, காந்தி வீதி வரை கூடப் போகாதீர்கள். அந்த இடத்தில் இனி ரப்பர் என்ற பாதுகாப்பே கிடையாது. எஃகுப் பட்டையில் ஈரமும் உப்புக்காற்றும் ஏறும். கோடை வெயிலில் சூடான தார்ச் சாலையில் வேகம் எடுத்தால், மெல்ல மெல்லக் காற்று இறங்குவதற்கு மாறாக ஒரே நொடியில் கிழிந்துவிடும். உங்கள் காரில் ஸ்டெப்னியும் இல்லை; பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறு கம்ப்ரஸரும்தான் கொடுத்திருப்பார்கள், கிழிந்த டயருக்கு அவை எந்த வகையிலும் உதவா.

திருப்பி மாட்டும் யோசனை பழைய காலத்து டயர்களுக்குப் பொருந்தலாம். உங்கள் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் 'அவுட்சைடு' என்றும் மறுபக்கம் 'இன்சைடு' என்றும் எழுதியிருக்கும். வளைவில் பாரம் தாங்கும் கனமான பட்டன்கள் வெளிப்பக்கமும், தண்ணீரை வெளியேற்றும் காடிகள் மிகுதியாக உள்பக்கமும் வரும்படி வடிவமைத்த டயரை மாற்றிப் போடக் கூடாது. இடது டயரை வலப்பக்கம் போட்டாலும் உள் ஓரம் உள் ஓரமாகவேதான் இருக்கும். முன்னும் பின்னும் அகலம் வேறு என்பதால் முன்பின் சுழற்சிக்கும் வழியில்லை. கம்பி தெரிந்த பின் இவை எல்லாமே வீண் பேச்சுத்தான்.

ஒன்றா இரண்டா என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. ஆழம் அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கி, பின்னால் உள்ள இரண்டு டயர்களிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து எழுதுங்கள். டயரின் பெயர், பக்கச் சுவரில் N என்ற எழுத்துடன் உள்ள எண் (போர்ஷே அங்கீகரித்த டயர் என்பதற்கான குறி), தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்கள் ஆகியவையும் வேண்டும். அந்த நான்கில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். கையுறை அணிந்துகொண்டு பட்டன்களின் குறுக்கே உள்ளங்கையால் தடவியும் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலவும் தட்டுப்பட்டால் எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி:

நன்றி ஐயா. வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டேன். பின் இடது டயரில் வெளி ஓரம் 5.0, நடுவில் 4.5 மில்லிமீட்டர், உள் ஓரத்தில் அளக்க எதுவும் இல்லை. பின் வலது டயரில் வெளி ஓரம் 4.9, நடுவில் 4.7, உள் ஓரம் 4.1. இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே N1 குறி, தேதி 3221. நீங்கள் சொன்ன ரம்பப் பல் இடது டயரில் தெளிவாகத் தெரிகிறது, வலதில் இல்லை. பக்கச் சுவரில் 'அவுட்சைடு' என்றும் எழுதியிருக்கிறது.

வில்லியனூர் பழைய டயர்காரர்:

இந்த எண்கள் போதும், தம்பி. இவ்வகைப் புதிய டயரின் பட்டன் ஆழத்தை 7.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வலது டயரின் நடுவில் 4.7 இருக்கிறது. ஒரே அச்சில் உள்ள இரண்டு டயர்களுக்கு இடையே பட்டன் ஆழ வேறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது போர்ஷே நிறுவனத்தின் அறிவுறுத்தல். இடப்பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் உங்களுக்கு அது 37 சதவீதம் வருகிறது. எனவே இரண்டையும் மாற்ற வேண்டும். உங்கள் வலது டயர் 6 மில்லிமீட்டர் அளவில் இருந்திருந்தால் நானே ஒன்று போதும் என்று சொல்லியிருப்பேன். சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பதைக் காட்டி வலது டயருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று யாரேனும் வாதிடலாம். அது ஒரு டயர் தனியாக ஓடத் தகுதியானதா என்பதற்கான எல்லைதான், இரண்டு டயர்கள் ஒன்றுக்கொன்று இணையா என்பதற்கு அது விடையாகாது.

ஆனால் புதிய டயர்கள் வாங்கும் முன் இதைக் கேளுங்கள். வலது டயரின் தேய்மானம் இயல்பானது. பின் சக்கரங்கள் மேற்புறம் சற்று உள்நோக்கிச் சாயும்படியே இந்த வண்டியில் அமைந்திருப்பதால் உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். இடப்பக்கம் நிகழ்ந்திருப்பது வேறு. சாய்வு மட்டும் மிகுதியாக இருந்தால் உள் ஓரம் வழுவழுப்பாகத் தேயும். ரம்பப் பல் வந்திருப்பதால், சக்கரம் போகும் திசைக்கு நேராக நிற்காமல் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது என்று பொருள். ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்ததற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். பின் இடது சக்கரம் இடப்பக்கம் பார்த்து நின்றால் வண்டியின் மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும். ஓட்டுபவர் அதை ஈடுகட்ட ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்தே ஓட்டுவார். முன் சக்கரங்களை மட்டும் திருத்தி ஸ்டியரிங்கை நேராக்கியதால் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் மறைந்தது, பின் சக்கரம் அப்படியே தேய்ந்துகொண்டிருந்தது.

லாஸ்பேட்டை இயந்திரவியல்:

பெரியவர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கெடிலக்கரை நண்பரின் அனுபவம் ஏன் இங்கே பொருந்தாது என்பதை மட்டும் கணக்குடன் எழுதுகிறேன்.

265/45 R18 புதிய டயரின் விட்டம் 695.7 மில்லிமீட்டர். பட்டன் 2.8 மில்லிமீட்டர் குறைந்தால் விட்டம் 5.6 குறைந்து 690.1 ஆகும். அப்போது ஒரு கிலோமீட்டருக்குப் புதியது ஏறத்தாழ 457.5 சுற்றும் பழையது ஏறத்தாழ 461.2 சுற்றும் சுற்றும். இங்கிருந்து சென்னை வரையிலான 150 கிலோமீட்டரில் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 550 சுற்றுகள் வேறுபடும். இதையே வேறு விதமாகச் சொன்னால், நேரான சாலையில் போகும்போதும் வண்டியின் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் பல்சக்கர அமைப்பு), ஏறத்தாழ 190 மீட்டர் ஆரம் உள்ள வளைவு ஒன்றில் முடிவில்லாமல் திரும்பிக்கொண்டிருப்பதாகவே உணரும்.

சாதாரண டிஃபரன்ஷியல் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் 718 கேமனில் விருப்பத் தேர்வாக 'டார்க் வெக்டரிங்' என்ற வசதி உண்டு. அதனுடன் பின் அச்சில் இயந்திரவகைப் பூட்டு டிஃபரன்ஷியலும் வரும். அதற்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள், சக்கரங்களின் வேக வேறுபாட்டை எதிர்ப்பதற்கென்றே உள்ளவை. வேறுபாடு இடைவிடாமல் இருந்தால் அவை இடைவிடாமல் உரசிச் சூடாகும். மிச்சப்படுத்திய டயர் விலையைப்போலப் பல மடங்கு அங்கே செலவாகும். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வசதி இருக்கிறதா என்பதைச் சேவை மையத்தில் சொல்வார்கள்.

அமெரிக்காவில் புதிய டயரின் பட்டனை இயந்திரத்தில் சீவி, பழைய டயரின் ஆழத்துக்கு இணையாக்கித் தரும் கடைகள் இருக்கின்றன. நம் பக்கத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. நெட்டப்பாக்கம் பக்கம் இவ்வளவு பெரிய டயர் ஆலை இருக்கும் ஊரில், N குறி உள்ள 18 அங்குல டயருக்கு நாம் சென்னையிலிருந்து வரும் பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

வேலையின் வரிசையைப் பற்றி: ரெக்கவரி வண்டியில், அதுவும் முழு வண்டியையும் தட்டின் மேல் ஏற்றும் வகையில், சென்னைக்கு அனுப்பி அனைத்தையும் ஒரே இடத்தில் முடிப்பது நல்லது. வளைந்த உதிரிபாகம் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிய பின் டயர், டயர் மாட்டிய பின் நான்கு சக்கர அலைன்மென்ட் என்ற வரிசையில் செய்யச் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன் எடுத்த அளவுகளையும் பின் எடுத்த அளவுகளையும் அச்சிட்டுக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கெடிலக்கரை:

கணக்குக்கு நன்றி. என் காரில் அப்போது பழைய டயர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேய்ந்திருக்கவில்லை என்பது பழைய பில்லைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. முன் டயர்கள் பழையனவாக இருக்க, பின்னால் மட்டும் இரண்டு புதியன போட்டால் முன்பின் பொருத்தம் கெடாதா?

வில்லியனூர் பழைய டயர்காரர்:

இரண்டு புதியனவும் ஒரே அச்சில், அதுவும் பின்னால் இருப்பதால் கவலையில்லை. ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் சாலைகளில் தண்ணீர் நிற்கும் அழகு உங்களுக்குத் தெரியாததல்ல. முன்னால் இருப்பதும் அதே தயாரிப்பு, N குறியுள்ள அதே வகையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன் டயர்கள் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், சட்டம் அனுமதித்தாலும், மழைக்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம்.

முத்தியால்பேட்டை வாசி:

வேலை முடிந்து வண்டி திரும்பிவிட்டது. பின் இடது சக்கரத்தின் டோ லிங்க் (சக்கரம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் தண்டு) லேசாக வளைந்திருந்தது. கழற்றிப் புதியதன் அருகில் வைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது. திருத்துவதற்கு முன் எடுத்த தாளில் அந்தச் சக்கரம் வெளிப்பக்கமாக 24 கலை திரும்பியிருந்ததாகக் காட்டியது. வலது சக்கரம் வரம்புக்குள்ளேயே இருந்தது. லிங்கை மாற்றி, பின்னால் இரண்டு புதிய டயர்களும் போட்டு, நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் செய்தார்கள். முன் சக்கரங்களையும் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. என் வண்டியில் பூட்டு டிஃபரன்ஷியல் இருப்பதும் உறுதியானது. கழற்றிய வலது டயர் 4.7 மில்லிமீட்டருடன் வீட்டில் கிடக்கிறது. அதை என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை இயந்திரவியல்:

24 கலை என்பது ஒரு பாகையில் பத்தில் நான்கு. எளிய கணக்கில், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. உள் ஓரத்தின் ரப்பர் எங்கே போயிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

வில்லியனூர் பழைய டயர்காரர்:

வலது டயரை விற்றுவிடாதீர்கள், தம்பி. புதிய ஜோடி தேய்ந்து 5 மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போது, அவற்றில் ஒன்று ஆணி ஏறியோ பக்கச் சுவர் கிழிந்தோ கெட்டுப்போனால், இந்தப் பழைய டயர் அதற்குச் சரியான இணையாக இருக்கும். அப்போது ஒன்றை மாற்றினாலே போதும். புதிய டயர்களும் N1 குறி உள்ளவைதானா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், வேறு குறியானால் இந்தத் திட்டம் செல்லாது. வெயிலும் மோட்டாரின் தீப்பொறியும் படாத இடத்தில், துடைத்துக் கறுப்பு உறையில் கட்டி வையுங்கள். பயன்படுத்தும் நாள் வரும்போது 3221 என்ற தேதியைக் கணக்கில் கொள்ளுங்கள். ரப்பரில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் எவ்வளவு ஆழம் இருந்தாலும் போட வேண்டாம்.

புதிய டயர்களின் மேற்பரப்பு வழுவழுப்பு போகும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் நிதானமாகப் போங்கள். பிறகு ஒருமுறை கேஜால் உள் ஓரத்தை அளந்து இங்கே எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை வாசி:

இரண்டிலும் N1 குறியே இருக்கிறது ஐயா. மரக்காணம் வரை போய்வந்து அளந்து எழுதுகிறேன்.