ஊர்த்துப்பறிவாளர்: என்ட வாக்கு இதுக்குத்தான்

எல்லாருக்கும் வணக்கம், மட்டக்களப்பில இருந்து எழுதிறன். இங்கிலிசில amateur sleuth எண்டு சொல்லுற கதைப்பாத்திரத்துக்குத் தமிழ்ச் சொல் என்ன எண்டு நீங்க இங்க கதைச்சுக்கொண்டு இருக்கிறதுக்குத்தான் இந்தப் பதில், என்ட தெரிவு ஊர்த்துப்பறிவாளர். கிராமத்துக் கொலைக்கதைகள்ல பொலிசுமில்லாம, காசு வாங்கித் துப்பறியிற ஆளுமில்லாம ஆரோ ஒரு வயசான மனுசி, ஒரு பாதிரியார், ஒரு லைப்ரரியன் கொலைகாரனப் புடிச்சுக் குடுப்பாங்களே, அந்தப் பாத்திரத்துக்கு இதுவரைக்கும் வந்த சொல்லெல்லாம் அந்த ஆளிட்ட என்ன இல்ல எண்டதையே சொல்லுது, என்ன இருக்கு எண்டதச் சொல்லல்ல.

கத்துக்குட்டித் துப்பறிவாளர் எண்டத தயவுசெய்து விட்டுடுங்க. அகதா கிறிஸ்டியின்ட கதையள்ல துப்பறியிற கிழவி மிஸ் மார்ப்பிள், 1930ல வந்த தன்ட முதல் நாவல்லயே பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஸ்லாக்க முந்திட்டா, அவவப் போய் கத்துக்குட்டி எண்டா எப்பிடி? அமெச்சூர் எண்டத அப்பிடியே எழுதலாம்தான், ஆனா அது நாடக மேடையோட ஒட்டிப்போன சொல். புலனாய்வாளர் எண்டு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. இலங்கையில புலனாய்வு எண்டா நேரா புலனாய்வுப் பிரிவுதான் ஞாபகத்துக்கு வரும், அந்தச் சொல்லக் கேட்டா கதைச்சுக்கொண்டு இருந்தவங்களும் வாய மூடிருவாங்க. இந்தப் பாத்திரத்தின்ட பலமே அதுக்கு நேர்மாறு, இவவுக்கு முன்னால எல்லாரும் வாய் திறப்பாங்க, ஏனெண்டா இவ ஒரு அதிகாரியும் இல்ல.

எங்கட மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒரு செத்த வீட்டுக்குப் போய்ப் பாருங்க. திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து எழுதிட்டுப் போனாப்பிறகு வெத்திலத் தட்டத்தச் சுத்தி இருக்கிற பெரியம்மாமார்தான் மெய்யான விசாரணையத் தொடங்குவாங்க, ஆர் வந்த, ஆர் வரல்ல, மூத்த மருமகன் ஏன் உள்ளுக்கு வராம வேலியடியோட நிண்டவன், விடியவே கிணத்துக் கயிறு ஏன் ஈரமாக் கிடந்த எண்டு. ஆர் எந்தக் குடி (தாய்வழி வம்சம்), ஆருக்கு ஆர் சொந்தம், எந்த வயலுக்கு எப்ப வழக்கு வந்தது, எல்லாம் எழுதி வைக்காமலே தெரியும். மார்ப்பிள் செய்யிறதும் இதையேதான். தோட்டத்தில நிண்டுகொண்டே, போற பொம்புளையிட்ட கைப்பை இல்ல, அப்ப துவக்க எதுக்குள்ள மறைச்சிருப்பா எண்டு யோசிக்கிறா, அது ஆய்வுகூடத்தில கிடைக்கிற தடயமில்ல, பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியிற தடயம்.

அதாலதான் ஊர் எண்டது சொல்லுக்குள்ள வரவேணும் எண்டு நிக்கிறன். ஊர்ப் புதினம் எண்டு நாங்க சொல்லுற விடுப்பு எண்ட சொல்லிலயும் எனக்கு நல்ல ஆசை, விடுப்புக் கேக்கிறது, விடுப்புப் பாக்கிறது எண்டு நாங்க சொல்லுறதுக்குள்ள இந்தப் பாத்திரத்தின்ட குணம் முழுக்க இருக்கு, ஆனா தமிழ்நாட்டில விடுப்பு எண்டா லீவு, விடுப்புத் துப்பறிவாளர் எண்டா லீவில வந்து துப்பறியிற ஆள் எண்டுதான் எடுப்பாங்க. துப்பாளர் எண்டு சுருக்கினது பாக்க வடிவுதான், வாயில வரேக்க துப்புரவாளர் மாதிரிக் கேக்குது. துப்பறிவாளர் எல்லாருக்கும் பழகின சொல், அதோட ஊரச் சேப்பம்.

ஊர விட்டு வெளிய போய்த் துப்பறிஞ்சா இந்தச் சொல் பொருந்துமா எண்டு கேட்டவர் நல்ல கேள்வி கேட்டிருக்கார். 1984ல இருந்து 1996 வரைக்கும் டீவியில வந்த Murder, She Wrote தொடர்ல துப்பறியிற எழுத்தாளர் ஜெசிக்கா பிளெச்சர், கேபட் கோவ் எண்ட சின்ன ஊர் ஆள், ஆனா கனக்க கொலை வேற ஊர்கள்ல நடக்குது. மார்ப்பிளும் 1964 நாவல்ல கரீபியன் தீவுக்குப் போறா. போன இடத்திலயும் அவ தன்ட ஊரான செயின்ட் மேரி மீட் ஆக்களோடதான் ஒப்பிட்டுப் பாக்கிறா, இவனப் பாத்தா எங்கட ஊர் இன்னார் மாதிரிக் கிடக்கு எண்டு. ஊர் அவவின்ட அளவுகோல், அப்ப சொல் பொருந்தும். நகரத்திலயே இருந்து பொழுதுபோக்காத் துப்பறியிற பணக்காரப் பிரபுமார் இதுக்குள்ள வரமாட்டாங்க, அவங்களுக்குத் தொழில்சாராத் துப்பறிவாளர் எண்டதே போதும்.

கதை வகைக்கு ஊர்மர்மக் கதை எண்டு வைக்கலாம், cozy mystery எண்டத இதமான மர்மம் எண்டு மொழிபெயர்த்தா கொலையே இதமா நடந்த மாதிரி ஆகிடும்.

பதிவுக்கு இப்பிடிப் போடுறன், திருத்தம் இருந்தாச் சொல்லுங்க: ஊர்த்துப்பறிவாளர் – பதவியோ கூலியோ இல்லாம, ஊர் மனுசர அறிஞ்ச அறிவால குற்றத்தத் துலக்கிற கதைமாந்தர்.