கிளிநொச்சியில் நிதி திரட்டும் வேலை: எங்கே பழகுவது, யாரோடு கதைப்பது?

குளக்கட்டு (கிளிநொச்சி):

வணக்கம். நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பெண் தலைமைக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி, உள்ளூர்களில் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு, இவ்வளவுதான் எங்கள் வேலை. கள உத்தியோகத்தராகத்தான் சேர்ந்தேன். கொஞ்சம் ஆங்கிலம் எழுதுவேன் என்பதால் புரொபோசல் (நிதி கேட்டு அனுப்புகிற திட்ட முன்மொழிவு) எழுதுகிற வேலை மெல்ல மெல்ல என் தலையில் விழுந்து, இப்போது கடிதத்திலேயே 'நிதி திரட்டல் உத்தியோகத்தர்' என்று போட்டுவிட்டார்கள். எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரைக்கும் ஒழுங்கைக்கு ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை நின்றது, அப்போது இங்கே இந்த வேலை தெரிந்த ஆக்களும் இருந்தார்கள். இப்போது பலகை துருப்பிடித்துக் கிடக்கிறது, ஆக்கள் இல்லை. 2025 தை மாதம் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதோடு எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்த திட்டங்களும் ஆட்டம் கண்டுவிட்டன.

போன நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. என் மாதச் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டு, நான் கொண்டுவரும் காசில் நூற்றுக்குப் பத்து எனக்குத் தரலாமாம். "கெட்டிக்காரி என்றால் இப்ப எடுக்கிறதைவிடக் கூட எடுக்கலாம், தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் சரியில்லை என்று அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை.

மற்றது, இந்த வேலைக்கென்று சி.எஃப்.ஆர்.ஈ. என்று ஒரு சர்வதேசச் சான்றிதழ் இருக்கிறதே, அதைச் செய்தால் பிரயோசனமா? கொழும்பில் நடக்கிற பயிற்சிகளுக்குப் போனால் அங்கே கதை முழுக்கப் பெரிய கம்பனிகளின் காசைப் பற்றி. எங்கள் பக்கம் அப்படிக் கம்பனி எங்கே கிடக்கிறது? வன்னியில் இதே வேலை செய்கிற வேறு ஆக்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பாலைமரம் (வவுனியா):

தங்கச்சி, முதலில் அந்தப் பத்து வீதத்துக்குத் தலையாட்டாதீர்கள். உலகத்தில் நிதி திரட்டுவோருக்கென்று இருக்கிற பெரிய சங்கங்களில் ஒன்று ஏ.எஃப்.பி., அமெரிக்காவில் 1960இல் தொடங்கியது. அவர்களுடைய ஒழுக்கக் கோவையில், திரட்டிய தொகையில் வீதம் பேசி வாங்கக்கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. அதை அச்சடித்து அடுத்த கூட்டத்தில் மேசையில் வையுங்கள்.

'அமெரிக்காக்காரன் சொன்னால் எங்களுக்கென்ன' என்பார்கள், அதற்கும் பதில் வேணும். ரொறன்ரோவில் ஒருவர் தன் தாயின் திவசத்துக்கு ஒரு இலட்சம் ரூபா அனுப்புகிறார் என்று வையுங்கள். அதில் பத்தாயிரம் உங்கள் கைக்குப் போனது என்று அவருக்குத் தெரியவந்தால் அடுத்த வருடம் அனுப்புவாரா? திட்டக் காசு என்றால் இன்னும் சிக்கல். வரிக்கு வரி பற்றுச்சீட்டுக் கேட்பார்கள், கமிஷன் என்று ஒரு வரியைக் காசு தருகிற எந்த டோனரும் ஏற்கமாட்டார், அப்போது அந்தப் பத்து வீதத்தை வேறெங்கோ கிள்ளித்தான் எடுக்கவேண்டும், கணக்காய்வில் பதில் சொல்லப்போவது நீங்கள். அதோடு ஒரு கொடையாளரோடு முதல் கதைத்த நாளில் இருந்து காசு வங்கிக்கு வரும் வரைக்கும் ஒரு வருடம்கூடப் போகலாம். வீதத்துக்கு வேலை செய்கிறவர் அவ்வளவு பொறுக்கமாட்டார். கெதியாக வருகிற காசைத் துரத்துவார், அது நிறுவனத்தின் வேலைக்குப் பொருந்துதோ இல்லையோ. உங்களுக்கு ஊக்கம் தரத்தான் வேண்டும் என்றால் மற்ற ஊழியருக்குக் கொடுப்பதுபோல வருட முடிவில் ஒரு போனஸ் தரட்டும், அதை அந்தக் கோவையும் தடுக்கவில்லை.

சான்றிதழ் விஷயம். கட்டணம் நூற்றுக்கணக்கான டொலர். பரீட்சைக்கு இருக்கிறதுக்கே வேலை அனுபவம், எடுத்த பயிற்சிகள், திரட்டிய தொகை எல்லாவற்றையும் புள்ளியாகக் காட்டவேண்டும். பாஸ் பண்ணினாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். வெளியே வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் செய்யுங்கள், இங்கே எந்த டோனரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் பாடவிதானத்தை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். கொடையாளரைத் தேடி அறிவது, கேட்டுப் பெறுவது, உறவை வளர்ப்பது, தொண்டர்களைச் சேர்ப்பது, தலைமையும் முகாமையும், ஒழுக்கமும் பொறுப்புக்கூறலும் என்று ஆறு பகுதி. அதை எடுத்துவைத்து எது தெரியும் எது தெரியாது என்று உங்களையே பார்த்துக்கொள்ளுங்கள், அரைவாசிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். நல்ல கடிதம் எழுதப் பழக சோஃபி என்று ஒரு இலவச இணையத்தளம் இருக்கிறது, பல நாட்டு நிறுவனங்கள் உண்மையாக அனுப்பிய நிதிக் கடிதங்களை அதில் போட்டு, எது ஏன் வேலை செய்தது என்று எழுதியிருப்பார்கள்.

கச்சான்கடை (முறிகண்டி):

குறை நினைக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். சனத்துக்கு வருகிற காசைக் கேட்டு எழுதுவதற்கும் ஒரு உத்தியோகம், அதற்கு ஒரு சம்பளம், அதற்குமேல் பயிற்சியா? வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனம் நேரே அந்தக் குடும்பத்துக்கு அனுப்பினால் முழுக்காசும் போய்ச் சேருமே. நிறுவனம் என்று இடையில் நின்றால் வாகனம், கட்டிடம், கூட்டத்துக்குச் சோற்றுப் பார்சல் என்று போய்விடும், பார்த்திருக்கிறோம்.

லண்டன் மல்லாவி:

கச்சான்கடை சொல்வதில் பாதி உண்மை, அந்த வாகனங்களை நானும் பார்த்தவன். ஆனால் நேரே அனுப்புகிற கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு லண்டனில் உறவு இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் அந்தக் காசு போகும். ஒருவரும் வெளியே இல்லாத வீடுகளுக்கு யார் அனுப்புவது? ஒரே வீட்டுக்கு மூன்று சங்கம் தையல் மெசின் கொடுத்ததும் நடந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை. இதைப் பார்த்து, எழுதி, கேட்டு, கணக்குக் காட்ட ஒரு ஆள் வேணும், அந்த ஆளும் வீட்டில் அடுப்பு எரிக்கவேணும்.

குளக்கட்டு, நாங்கள் இங்கே பதிவுசெய்த ஒரு ஊர்ச் சங்கம். உங்களைப் போன்ற ஆக்கள் இந்தப் பக்கத்து நடைமுறையைப் பிடித்துவைத்திருந்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். பிரித்தானியாவில் வரி கட்டுகிற ஒருவர் பதிவுசெய்த அறநிலையத்துக்கு 100 பவுண் தந்தால், கிஃப்ட் எயிட் என்று அரசாங்கம் இன்னும் 25 பவுண் தரும். அதே 100ஐ உங்கள் கணக்குக்கு நேரே போட்டால் அந்த 25 இல்லை. ஆனால் எங்களிடம் தந்தால் அந்தக் காசு எங்கே போனது என்று நாங்கள் காட்டவேண்டும், பொறுப்பாளர்கள் என்று கையெழுத்து வைத்தவர்கள் நாங்கள். அதனால்தான் பயனாளியின் கையொப்பம், பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று என்று விடாமல் கேட்கிறோம், உங்களை நம்பாமல் இல்லை. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். நாணயமாற்று வீதம் நன்றாக இருக்கும், கணக்கில் ஒன்றுமே இருக்காது.

கேட்கும் காலமும் முக்கியம். இங்கே வரி வருடம் சித்திரை 5இல் முடிகிறது, கனடாவில் மார்கழி 31. அதற்கு ஒரு மாதம் முந்தி ஒரு கடிதம் வந்தால் ஆக்கள் கவனிப்பார்கள். ஆடி, ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறைக்குச் சனம் ஊருக்கு வரும், அப்போது கேட்கவே வேண்டாம், வகுப்பு நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள், அது போதும். இணையத்தில் திரட்ட நினைத்தால், இலங்கையில் இருந்து பேபாலில் காசு வாங்க முடியாது, கோஃபண்ட்மீயும் இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு எடுக்க விடாது. குளோபல்கிவிங் என்ற நிதி திரட்டும் தளம் இலங்கை நிறுவனங்களைச் சேர்க்கிறது, ஆனால் தொடக்கத்தில் 40 பேரிடம் இருந்து 5,000 டொலர் திரட்டிக் காட்டச் சொல்வார்கள். பெரிய ஒருவர் தந்து காப்பாற்றுகிற கதை அங்கே நடக்காது, நாற்பது பேர் வேணும்.

இன்னொன்று, பகிரங்கமாகச் சொல்லக் கஷ்டமான விஷயம். யாரிடம் காசு வாங்குகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். 2014இல் பல புலம்பெயர் அமைப்புகளைத் தடைசெய்து இலங்கை அரசின் வர்த்தமானி வந்தது, பிறகு அந்தப் பட்டியல் மாறி மாறி வருகிறது. புதிய அமைப்பு ஒன்று தொடர்பு கொண்டால் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். தந்தவர் லண்டனில் நிம்மதியாக இருப்பார், விசாரணைக்குப் போவது நீங்கள்.

கடலோரம் (முல்லைத்தீவு):

கை தூக்கிவிட்டேன்! நானும் இதே கதைதான் அக்கா, கணக்கு எழுதச் சேர்ந்து இப்போது புரொபோசல், ஆண்டறிக்கை, பேஸ்புக் பக்கம் எல்லாம் நான்தான்.

எனக்கு எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விடப் பிரயோசனப்பட்டது ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட கொப்பி. தந்தவர் பெயர், எங்கே இருக்கிறார், ஊரில் எந்த இடம், யார் மூலமாக வந்தார், முதல் தரம் ஏன் தந்தார், திவசமோ பிள்ளையின் பிறந்தநாளோ எந்தத் திகதி, நன்றி சொன்ன நாள், காசு என்ன ஆனது என்று சொன்ன நாள். கடைசி இரண்டு நிரலும்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் காசு வந்தவுடன் நன்றி சொல்வார்கள், பிறகு அடுத்த தரம் கேட்கும்போதுதான் அந்த ஆளின் ஞாபகம் வரும். அந்தக் கடைசி நிரல் வெறுமையாக இருக்கிற ஆட்களிடம் நான் கேட்பதே இல்லை. கோழி வாங்கிக் கொடுத்த வீட்டில் இப்போது எத்தனை முட்டை விற்கிறார்கள் என்று ஒரு வொய்ஸ் மெசேஜ், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, முதலில் போகவேணும். இரண்டு கோழியைக் கீரி பிடித்தால் அதையும் சொல்லுவேன். அப்படி நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் கூட்டுக்குக் கம்பிவலை அடிக்கக் காசு அனுப்பினார்.

படம் போடுகிற விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். புத்தகப்பையைக் கையில் கொடுத்து, பிள்ளையின் முகம் தெரியப் படம் எடுத்து, தகப்பன் காணாமல் போனவர் என்று பெயரோடு பேஸ்புக்கில் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பெரிய வகுப்புக்கு வரும், வகுப்பில் எல்லோர் கையிலும் போன் இருக்கும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, ஆனால் இதற்குச் சட்டம் வேண்டியதில்லை, மனுசத்தனம் போதும். டோனர் முகம் கேட்டால் கையை எடுத்து அனுப்புங்கள், கொப்பியை எடுத்து அனுப்புங்கள். தராமல் விட்டவர்கள் குறைவு.

உள்ளூரில் கேட்க வெட்கப்படாதீர்கள். 'எங்கட சனத்திட்ட என்ன இருக்கு' என்பார்கள். காலபோக அறுவடை முடிந்த கையோடு, மாசி பங்குனியில், ஒரு மூட்டை நெல் தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு இதே சனம்தான் அள்ளிக் கொடுக்கிறது. காசாகக் கேட்டால் யோசிப்பார்கள், நெல்லாகக் கேட்டால் வீட்டுக்குள் போய் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஊரில் இத்தனை வீடு தந்தது என்று புரொபோசலில் எழுதினால் வெளி டோனரும் பார்க்கிற பார்வை வேறு.

சரி, ஆக்கள் விஷயம். மாங்குளத்தில் சந்திப்போமா? வவுனியாவில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் ஏ9இலேயே வரலாம், நாங்கள் ஒட்டுசுட்டான் வழியாக வந்துவிடுவோம், மல்லாவி துணுக்காய்ப் பக்கத்துக்கும் கிட்ட. ஒவ்வொருவரும் கிடைக்காமல் போன ஒரு புரொபோசலைக் கொண்டுவரவேணும், அதுதான் நிபந்தனை. கிடைத்ததை எல்லோரும் காட்டுவார்கள், அதில் படிக்க ஒன்றுமில்லை. கனடா, அவுஸ்திரேலியா, ஜப்பான் தூதரகங்களின் சிறு உதவித் திட்டங்களுக்கு நாங்கள் எல்லோரும் தனித்தனியாக இருந்து ஒரே ஊருக்கு ஒரே கிணறு கேட்டு எழுதுகிறோம். ஒருவரை ஒருவர் தெரிந்திருந்தால் ஒன்றாகச் சேர்ந்தாவது எழுதலாம்.

கச்சான்கடை:

நெல்லுக் கதை நல்லாயிருக்கு. சம்பளக் கதையில் நான் இன்னும் மாறவில்லை, ஆனால் அந்தச் சம்பளத்தை ஆண்டறிக்கையில் மறைக்காமல் போட்டால் எனக்குக் கேள்வியில்லை.

குளக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. கச்சான்கடை அண்ணைக்கும்தான், நீங்கள் கேட்டதைத்தான் எங்கள் சபையிலும் பாதிப்பேர் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். ஒழுக்கக் கோவையின் அந்தப் பகுதியைத் தமிழில் எழுதி அச்சடித்துவிட்டேன், லண்டன் அண்ணை சொன்ன வரி வருடக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன். சம்பளத்தை அப்படியே வைத்து, ஒவ்வொரு புதிய பட்ஜெட்டிலும் நிதி திரட்டல் செலவு என்று ஒரு சின்ன வரி வெளிப்படையாகப் போடுவோம் என்று கேட்கப்போகிறேன், என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

மாங்குளத்துக்கு வருகிறேன். நிராகரித்த புரொபோசல் என்னிடம் தாராளமாக இருக்கிறது, எதைக் கொண்டுவருவது என்றுதான் யோசனை.

பாலைமரம்:

ஏன் தரவில்லை என்று டோனர் பதில் எழுதினதைக் கொண்டுவாருங்கள், அந்தக் கடிதத்தோடு. பதிலே வராதவற்றை வைத்து ஊகிக்கத்தான் முடியும். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி, காலை பத்துக்குத் தொடங்கினால் பின்னேரம் பஸ் பிடிக்கலாம். இடம் ஒழுங்கு பண்ணுகிறவர் முன்கூட்டியே சொல்லவும், பத்துப் பேருக்குமேல் என்றால் மதியச் சாப்பாட்டுக் காசை ஆளுக்கு ஆள் போடுவோம், யாரிடமும் ஸ்பொன்சர் கேட்கவேண்டாம்.